கறவைக்கு மட்டும்தானா தாது உப்பு?

தாது உப்புப் பொட்டலம் ஒன்று வீட்டுக்கு வந்தால் அது எந்த மாட்டின் தொட்டிக்குப் போகும் என்று மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்கவே வேண்டாம். கறக்கிற மாட்டுக்குத்தான் போகும். காலையில் தவிட்டோடு கொஞ்சம், மாலையில் புண்ணாக்கோடு கொஞ்சம். பால் வற்றி நிறைசினையாக நிற்கும் மாட்டுக்கு அதில் பங்கு இல்லை. தொழுவத்தின் மூலையில் குட்டைக் கயிற்றில் நிற்கும் கன்றுக்கு அந்தப் பொட்டலத்தின் வாசனைகூடத் தெரியாது. பொட்டலத்தின் மேலே அச்சிட்டிருப்பதும் மடி பெருத்த பசுவின் படம்தான். முகாம்களில் கொடுக்கும் துண்டறிக்கைகளும் பால் கூடும், கொழுப்பு கூடும், காலத்தில் சினை பிடிக்கும் என்றுதான் சொல்கின்றன.

இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஒரு கன்றுக்கு நோயைத் தாங்கும் தெம்பு இருக்குமா, இருக்காதா என்பது நோய் வரும் நாளில் முடிவாவதில்லை. தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களிலும், பிறந்த பிறகு வரும் முதல் ஆறேழு மாதங்களிலும் முடிவாகிவிடுகிறது. அந்த இரண்டு காலங்களிலும் நாம் கையை மூடிக்கொள்கிறோம். பிறகு கன்று சந்தைக்குப் போய் வந்து இருமுகிறது, மழைக்காலத்தில் கழிகிறது, தடுப்பூசி போட்டும் கோமாரியில் விழுகிறது. அப்போது மருந்துக்கும் ஊசிக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கிறோம்.

நான் இங்கே பேசுவது சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ் பற்றி அல்ல. அவற்றைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று. தாமிரம், துத்தநாகம், செலினியம், மாங்கனீசு, கோபால்ட், அயோடின் என்று, நாளுக்குச் சில மில்லிகிராம் அளவில் மட்டுமே தேவைப்படும் நுண் தாதுக்களைப் பற்றித்தான் பேசுகிறேன். 100 கிலோ எடையுள்ள வளர்கன்று ஒன்று உலர்நிறையில் நாளைக்குச் சுமார் இரண்டரைக் கிலோ தீவனம் தின்னும். தீவனத்தின் ஒவ்வொரு கிலோவிலும் 10 மி.கி. தாமிரமும் 30 மி.கி. துத்தநாகமும் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு. அதாவது ஒரு நாளைக்கு 25 மி.கி. தாமிரம், 75 மி.கி. துத்தநாகம். விரல் நுனியில் ஒட்டும் தூளைவிடக் குறைவு. அவ்வளவு சிறிய அளவு என்பதாலேயே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் நெல் விஷயத்தில் நாம் இப்படி இருப்பதில்லை. நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவ வேண்டும் என்பது தமிழக உழவர்களுக்கு மனப்பாடம். தூவாவிட்டால் இலை பழுப்பேறிப் பயிர் குட்டையாக நிற்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். தமிழக மண்ணில் எடுத்த மாதிரிகளில் 60 சதவீதத்துக்கும் மேல் துத்தநாகப் பற்றாக்குறை உள்ளவை. தாமிரக் குறை உள்ளவை பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இந்த மண்ணில் விளைந்த வைக்கோலையும் சோளத்தட்டையையும்தான் கன்று தின்கிறது. பயிருக்குக் குறை வந்தால் தூவுவதற்குத் தெரிந்திருக்கிறது. அதே வயலின் வைக்கோலைத் தின்னும் உயிருக்கும் அந்தக் குறை வரும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

வைக்கோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீர் தேங்கிய நெல் வயலில் இரும்பு கரைந்து பயிருக்குள் நிறைய ஏறும். மாலிப்டினமும் வேருக்கு எளிதாகக் கிடைக்கும். மாட்டின் பெருவயிற்றுக்குள் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்தால் தாமிரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேராமல் செய்துவிடும். அதிகப்படியான இரும்பும் அதே வேலையைச் செய்யும். ஆழ்துளைக் கிணற்று நீரில் சல்பேட் மிகுந்திருந்தால் கந்தகம் அந்த வழியிலும் வந்து சேரும். ஆகவே தீவனத்தில் தாமிரம் இருக்கிறது என்று ஆய்வகத் தாள் காட்டினாலும், கன்றின் ஈரலில் தாமிரம் இருக்கிறது என்று பொருள் கொள்ள முடியாது. வரப்பிலும் காட்டிலும் மேய்ந்து பல தழைகளைக் கடித்த காலத்தில் இந்தக் குறையில் ஒரு பகுதி தானாகவே ஈடாகியது. கொங்குப் பகுதியில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இருந்த கொரங்காட்டு மேய்ச்சலை நினைத்துப் பாருங்கள். கட்டிப்போட்டு வைக்கோல் போடும் கலப்பினக் கன்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்தத் தாதுக்கள் குறைந்தால் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? நோய்க்கிருமி உள்ளே நுழைந்ததும் முதலில் ஓடிவருபவை இரத்தத்தின் வெள்ளை அணுக்கள். அவை கிருமியை விழுங்கி, உள்ளே வீரியமான ஆக்சிஜன் கூறுகளைப் பொழிந்து கொல்கின்றன. அந்த வீரியம் அணுவையே அழித்துவிடாமல் காப்பதற்குச் சில நொதிகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குத் தாமிரமும் துத்தநாகமும் வேண்டும், இன்னொன்றுக்கு மாங்கனீசு வேண்டும், மற்றொன்றுக்குச் செலினியம் வேண்டும். தாமிரமோ செலினியமோ குறைந்த மாட்டின் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. ஆனால் கொல்லும் திறன் குன்றிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கன்றிடம் ஒரு குறையும் தெரியாது. தின்னும், குடிக்கும், துள்ளவும் செய்யும். கிருமி வரும்போதுதான் வேறுபாடு தெரியும்.

துத்தநாகத்தின் கதை இன்னும் தெளிவானது. டென்மார்க் நாட்டில் ஃப்ரீஷியன் வழிவந்த கறுப்பு வெள்ளை மாடுகளில் ஒரு பரம்பரை நோயைக் கண்டார்கள். கன்று பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் பொருக்குத் தட்டும், முடி கொட்டும். பிறகு கழிச்சலும் சளியும் மாறி மாறி வந்து சில மாதங்களில் செத்துப்போகும். அறுத்துப் பார்த்தால், நோய் எதிர்ப்பு அணுக்களைப் பழக்கி அனுப்பும் தைமஸ் சுரப்பி சுருங்கிக் கிடந்தது. குடலால் துத்தநாகத்தை உறிஞ்ச முடியாததுதான் காரணம் என்று 1970-களின் தொடக்கத்தில் தெரிந்தது. சாகக் கிடந்த கன்றுகளுக்கு வாய்வழியே துத்தநாகத்தைக் கூடுதலாகக் கொடுத்தபோது சில வாரங்களில் தோல் ஆறி எழுந்து நின்றன. கொடுப்பதை நிறுத்தியதும் நோய் திரும்ப வந்தது. இது அரிதான மரபுக் குறை. நம் கன்றுகளுக்கு இருப்பதாகச் சொல்ல வரவில்லை. ஆனால் துத்தநாகம் என்ற ஒற்றைப் பொருள் இல்லாமல் போனால் ஒரு கன்றின் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு தூரம் சரியும் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்று வேறில்லை.

கோபால்ட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கடற்கரையிலும் டென்மார்க் என்றே ஒரு ஊர் இருக்கிறது. அங்கே பச்சைப் பசேலென்ற புல்வெளியில் மேய்ந்த மாடுகள் எலும்பும் தோலுமாகிச் செத்தன. இரும்புக் குறை என்று நினைத்து இரும்புத் தாதுக்கல்லைப் பொடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள், மாடுகள் தேறின. ஆனால் ஒரு தாதுக்கல் வேலை செய்தது, இன்னொன்று செய்யவில்லை. எரிக் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கல்லைப் பகுத்துப் பகுத்துச் சோதித்து, 1935-ல் உண்மையைக் கண்டார்கள். குணப்படுத்தியது இரும்பு அல்ல, அதில் கலந்திருந்த துளியளவு கோபால்ட். பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கோபால்ட்டை வைத்துத்தான் பி-12 உயிர்ச்சத்தைத் தயாரிக்கின்றன என்பது அதற்கும் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. வயிறு நிறையத் தீவனம் இருந்தும் பட்டினி கிடக்க முடியும் என்பதை அந்த மாடுகள் காட்டின. என் மாடு வயிறு முட்டத் தின்கிறதே, அதற்கு என்ன குறை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

தொழுவத்துக்குள் போய் எதைப் பார்ப்பது? கறுப்பு நிற ஜெர்சி, ஃப்ரீஷியன் கலப்பினக் கன்றின் முடியைப் பாருங்கள். மினுமினுப்பான கறுப்பு போய்த் துருப்பிடித்த செம்பழுப்பு ஏறியிருந்தால், கண்ணைச் சுற்றி வெளுத்து மூக்குக் கண்ணாடி போட்டதுபோல வளையம் தெரிந்தால், தாமிரக் குறையைச் சந்தேகிக்க வேண்டும். முடிக்குக் கறுப்பு நிறம் தரும் நொதிக்குத் தாமிரம் வேண்டும் என்பதுதான் காரணம். வெயிலிலும் முடி வெளுக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. காங்கயம் கன்றிடம் இந்தக் கணக்கு செல்லவே செல்லாது. அது பிறக்கும்போதே செவலையாகப் பிறந்து ஆறு மாத வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். கன்று சுவரை நக்குகிறதா, மண்ணைத் தின்கிறதா, கட்டியிருக்கும் கயிற்றையே மெல்லுகிறதா என்றும் பாருங்கள். குளம்புக்கு மேலே தோல் தடித்து வெடித்திருந்தால், சிறு காயம்கூட ஆறாமல் இழுத்தால், துத்தநாகத்தை நினைக்க வேண்டும். இவை குடற்புழுவாலும் வரலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும், ஏனென்றால் புழு தின்றது போக மிச்சம்தான் கன்றுக்கு.

இனி நெருக்கடிக்கு வருகிறேன். கன்றின் வாழ்க்கையில் நெருக்கடி என்றால் எது? தாயிடமிருந்து பிரிப்பது, கொம்புக்குருத்தைச் சுடுவது, சித்திரை வெயில், இடம் மாற்றுவது. எல்லாவற்றையும் விடப் பெரியது சந்தை. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடுகிறது. கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று வெளிமாநில வியாபாரிகளும் வருகிறார்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்களைத் தாண்டிக் கன்றுகள் கட்டியிருக்கும் பக்கம் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். முன்னால் தழை கிடந்தாலும் பல கன்றுகள் அதைத் தொடுவதில்லை. காதைத் தொங்கப்போட்டு நிற்கும். சிலவற்றின் வாலிலும் பின்தொடையிலும் இளகிய சாணம் காய்ந்து ஒட்டியிருக்கும். வேறு வேறு ஊர்த் தொழுவங்களிலிருந்து வந்த கன்றுகள் மூச்சுக்கு மூச்சு ஒட்டி நிற்கின்றன. முதல் நாள் சாயங்காலம் வீட்டில் தின்றதுதான். அடுத்த தீவனம் வாங்கியவரின் தொழுவத்தில்தான் என்றால் நடுவே ஒன்றரை நாள் ஓடிவிடும்.

அந்த ஒன்றரை நாளில் உடம்பு கார்ட்டிசால் என்ற சுரப்பைக் கொட்டுகிறது. அது ஓடிவர வேண்டிய வெள்ளை அணுக்களை மந்தப்படுத்துகிறது. துத்தநாகமும் தாமிரமும் சிறுநீரில் வழக்கத்தைவிட அதிகமாகக் கழிந்துபோகின்றன. பெருவயிற்றின் நுண்ணுயிர்கள் பட்டினியில் சோர்ந்துபோக, தீவனம் கிடைத்த பின்னும் பல நாள் பசியெடுப்பதில்லை. தொண்டை அடைப்பான் நோயின் கிருமி நல்ல மாட்டின் தொண்டையிலேயே சாதுவாகக் குடியிருப்பது. இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான் அது காத்திருக்கிறது. அமெரிக்காவில் கன்றுகளை லாரியில் ஏற்றி டெக்சாஸ், கான்சாஸ் மாநிலக் கொழுப்பேற்றும் பண்ணைகளுக்கு அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்த முதல் சில வாரங்களில் நுரையீரல் நோய் வந்து சாவது அங்கே மிகப் பெரிய இழப்பு. அதற்குப் 'பயணக் காய்ச்சல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த இழப்பின் கட்டாயத்தால்தான் நெருக்கடியில் உள்ள கன்றுக்கு எவ்வளவு நுண் தாது வேண்டும் என்ற ஆராய்ச்சி அங்கே நிறைய நடந்தது.

அதில் கிடைத்த ஒரு கணக்கு நமக்கும் பொருந்தும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1996-ல் வெளியிட்ட தீவன அளவீடு, சாதாரணக் கன்றின் தீவனத்தில் கிலோவுக்கு 30 மி.கி. துத்தநாகம் போதும் என்கிறது. நெருக்கடியில் உள்ள கன்றுக்கு 75 முதல் 100 மி.கி. வேண்டும் என்கிறது. உடம்பின் தேவை திடீரென்று மூன்று மடங்காகிவிட்டதா? அப்படியில்லை. இரண்டரைக் கிலோ தின்ற கன்று இப்போது ஒரு கிலோதான் தின்கிறது. இரண்டரைக் கிலோவை 30-ஆல் பெருக்கினாலும் 75 மி.கி., ஒரு கிலோவை 75-ஆல் பெருக்கினாலும் அதே 75 மி.கி.தான். வாய் சுருங்கிவிட்டதால் கவளத்தில் அடர்த்தி கூட வேண்டியிருக்கிறது. சிறுநீரில் கழிவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இங்கேதான் காலக்கணக்கு முக்கியமாகிறது. துத்தநாகத்தைச் சேமித்து வைக்க உடம்பில் பெரிய கிடங்கு ஏதும் இல்லை. நாள்தோறும் வந்துகொண்டிருக்க வேண்டும். தாமிரம் அப்படியல்ல, ஈரலில் சேர்ந்து மாதக்கணக்கில் இருக்கும். அந்தச் சேமிப்பின் முதல் தவணை தாயின் வயிற்றிலேயே கட்டப்படுகிறது. சினையின் கடைசிக் காலத்தில் கரு தன் தாயின் ஈரலை வற்றச் செய்தாவது தாமிரத்தை இழுத்துத் தன் ஈரலில் நிரப்பிக்கொள்ளும். பால் எல்லாம் தரும், தாமிரத்தையும் இரும்பையும் மட்டும் மிகக் கொஞ்சமாகத் தரும். ஆகவே கன்று பால்குடியை மட்டும் நம்பியிருக்கும் மாதங்களில் செலவழிப்பது கருவில் சேர்த்துவைத்ததைத்தான். தாயிடமே இல்லையென்றால்? வற்றிய மாட்டுக்குப் பால் இல்லையே என்று வெறும் வைக்கோலைப் போட்டு நிறுத்தியிருக்கும் அந்த மூன்று மாதங்கள்தான் கன்றின் ஈரல் நிறைய வேண்டிய மாதங்கள். சந்தைக்குப் பிடித்துப் போகும் அன்று காலையில் எதைக் கொடுத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. நோய் கண்ட பிறகு கொடுப்பதும் அப்படியே. கிருமி உள்ளே வந்ததும் உடம்பே துத்தநாகத்தையும் இரும்பையும் இரத்தத்திலிருந்து எடுத்து ஒளித்துவைக்கத் தொடங்கிவிடும். தாமிரமோ இரத்தத்தில் கூடும். அதனால்தான் நோயுற்ற கன்றின் இரத்தத்தைச் சோதித்துத் தாமிரம் போதுமானது என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோக நேரும்.

சினை மாட்டுக்கு வற்றிய நாள் முதல், கன்றுக்குத் தவிட்டைக் கடிக்கத் தொடங்கிய நாள் முதல் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. விற்பதற்கும் தாயைப் பிரிப்பதற்கும் குறைந்தது ஒரு மாதம் முன்னாலிருந்தாவது விடாமல் கொடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 1664 எண் தரப்படி உப்பு சேர்க்காத தாதுக் கலவையில் தாமிரம் 0.1 சதவீதம், துத்தநாகம் 0.8 சதவீதம் இருக்க வேண்டும். அதில் 20 கிராம் எடுத்தால் 20 மி.கி. தாமிரமும் 160 மி.கி. துத்தநாகமும் கிடைக்கும். மேலே சொன்ன 100 கிலோக் கன்றின் தேவையை இது ஏறத்தாழ நிரப்பிவிடும். ஒரு கிலோ வாங்கினால் ஒரு கன்றுக்கு 50 நாள் வரும். சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உணவியல் நிலையம் இருக்கிறது. பல்கலைக்கழகமே தாது உப்புக் கலவை தயாரித்துத் தருகிறது. ஆவினும் தருகிறது. கலவைக்குக் கலவை அளவு மாறும் என்பதால் பொட்டலத்தில் கன்றுக்கு என்று போட்டிருக்கும் அளவைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டாதீர்கள். கரையாமல் அடியில் தங்கி, கடைசியில் தொட்டி கழுவும்போது சாக்கடைக்குப் போய்விடும். ஒரு கை தவிட்டைப் பிசறி அதில் கலந்து வைத்தால் கன்று நக்கித் தின்னும். கழுநீரில் கல்லுப்பு போடுகிறோமே என்று பலர் சொல்வார்கள். கல்லுப்பு நல்லதுதான். ஆனால் அதில் தாமிரமும் துத்தநாகமும் இல்லை.

அளவு மீறுவதையும் சொல்லியாக வேண்டும். மாட்டுக்கான கலவையைச் செம்மறி ஆட்டுக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. செம்மறியின் ஈரல் தாமிரத்தை வெளியேற்றத் தெரியாமல் சேர்த்துக்கொண்டே போகும். ஒருநாள் திடீரென்று அது இரத்தத்தில் கொட்ட, கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவந்து, ஆடு ஓரிரு நாளில் செத்துப்போகும். மாடும் செம்மறியும் ஒரே பட்டியில் நிற்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். செலினியமும் அப்படித்தான். தீவனத்தில் கிலோவுக்கு 0.1 மி.கி. போதும், அமெரிக்காவில் 0.3 மி.கி.க்கு மேல் சேர்க்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பக்கம் சில கிராமங்களின் மண்ணிலேயே செலினியம் மிகுதி. அங்கே மாடுகளுக்குக் குளம்பு வெடித்துக் கழலும் நோய் இருந்திருக்கிறது. தேவையான அளவு ஏற்கெனவே உள்ள கன்றுக்கு மேலும் மேலும் கொட்டுவதால் எதிர்ப்புச் சக்தி ஏறாது. ஆய்வுகளில் சில பலன் இருப்பதாகவும், சில இல்லை என்றும் சொல்வதற்கு முக்கியக் காரணம் அதுதான்: குறை இருந்த கன்றுகள் தேறின, குறையில்லாதவற்றில் வேறுபாடு தெரியவில்லை. துத்தநாகம் வறண்ட மண்ணில் விளைந்த வைக்கோலைத் தின்று, கட்டுத்தறியில் நிற்கும் நம் கன்று எந்தப் பக்கம் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதை விவசாயியின் அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. சந்தையில் பல்லைப் பார்க்கலாம், சுழியைப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். ஈரலில் எவ்வளவு தாமிரம் இருக்கிறது என்று யாரால் பார்க்க முடியும்? ஆறு மாதம் தாது உப்பு கொடுத்து வளர்த்த கன்றும் கொடுக்காமல் வளர்த்த கன்றும் துண்டுக்கடியில் ஏறத்தாழ ஒரே விலைக்குத்தான் போகும். விற்பவர் செய்த செலவின் பலன் வாங்குபவரின் தொழுவத்தில் போய்ச் சேர்கிறது. காளைக் கன்று என்றால் அந்தச் செலவுக்கே வீட்டில் மனம் வராது. சங்கத்தில் ஊற்றும் பாலுக்குப் பத்து நாளுக்கொரு முறையோ பதினைந்து நாளுக்கொரு முறையோ பணம் வருகிறது. கன்றுக்குச் செய்வதற்கு எந்த நாளும் பணம் வருவதில்லை. தனி ஒருவரின் லாபக் கணக்கு இடம் கொடுக்காத வேலையைப் பொதுப் பணம்தான் செய்ய வேண்டும்.

அதற்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆண்டுக்கு இரண்டு சுற்று கோமாரித் தடுப்பூசி. நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி. காதில் 12 இலக்க எண் போட்ட தோடு. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் மாடுகள் மட்டும் 95 லட்சம். இத்தனை மாடுகளைத் தேடிக் கால்நடைத் துறையின் கை ஊர் ஊராகப் போகிறது. ஆனால் தடுப்பூசி தானாக எதிர்ப்புச் சக்தி ஆகிவிடாது. அந்த ஊசியைப் பார்த்து உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க வேண்டும். தயாரிக்கத் துத்தநாகம் வேண்டும், தாமிரம் வேண்டும், செலினியம் வேண்டும். வெறும் வைக்கோலில் நின்ற கன்றுக்கு ஊசி போட்டுவிட்டு, ஊசி போட்டும் நோய் வந்துவிட்டதே என்று மக்கள் ஊசியின் மேல் நம்பிக்கை இழக்கிறார்கள். பல கோடி ரூபாய் மருந்தின் பலனில் ஒரு பகுதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் கசிகிறது.

கோமாரிச் சுற்று எப்போது என்று துறைக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆறு மாதத்துக்குக் கீழ் கன்று உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிலோப் பொட்டலம் போய்ச் சேரட்டும். பால் கூட்டுறவுச் சங்கம் இல்லாத ஊர் குறைவு. கொண்டுசேர்க்கப் புதிதாக ஓர் அமைப்பு வேண்டியதில்லை. சினை ஊசி போட்டவர் கையேட்டில் தேதி இருக்கிறது, சினைப் பரிசோதனையும் நடக்கிறது. ஏழாம் மாதம் எது என்று கணக்குப் பார்த்து அந்த மாட்டுக்கும் இரண்டு கிலோ கொடுக்கலாம். பொட்டலத்தில் பசுவின் படத்துக்குப் பக்கத்தில் கன்றின் படமும் கன்றுக்கான அளவும், செம்மறிக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் பெரிய எழுத்தில் வரட்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் மண் வேறு, தீவனம் வேறு. டெல்டாவின் வைக்கோலும், தருமபுரியின் கேழ்வரகுத் தட்டையும், சேலம், நாமக்கல் பக்கத்தின் மரவள்ளித் திப்பியும் ஒன்றல்ல. மரவள்ளி அயோடினை உடம்பு பயன்படுத்த விடாமல் தடுக்கக் கூடியது என்பதால் அங்கே அயோடின் கூட வேண்டியிருக்கலாம். இந்த வேறுபாடுகளுக்கு ஏற்ற வட்டாரக் கலவைகளைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்கலாம். அடுத்த சுற்று முடிந்ததும், பொட்டலம் வாங்கிய வீட்டிலும் வாங்காத வீட்டிலும் காதுத் தோட்டு எண்ணை வைத்துச் சில ஆயிரம் கன்றுகளின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்று பார்த்து, முடிவை வெளியிடட்டும். ஊசி போடப் போகும் அதே துறை, அதே கன்றுக்குச் செய்யக்கூடிய வேலைதான் இது. வரும் நிதிநிலை அறிக்கையில் கால்நடை பராமரிப்பு மானியக் கோரிக்கையின்போது சட்டப்பேரவையில் ஒரு உறுப்பினராவது இதை எழுந்து கேட்க வேண்டும்.